காதால் படிக்கும் வரைபடம்

அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் நோயாளியின் முகத்தையோ மருந்து ஏறும் குழாயையோ பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவருடைய காது ஒரு 'பீப்' ஒலியின் மேலேயே இருக்கிறது. நோயாளியின் விரல் நுனியில் மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டருடன் இணைந்த கருவி, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு முறை ஒலிக்கிறது. துடிப்பு விரைந்தால் ஒலிகள் நெருங்குகின்றன. இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு குறைந்தால் சுருதி இறங்குகிறது. ஆக, ஒரே ஒலியில் இரண்டு அளவுகள் வந்து சேர்கின்றன. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்த சின்னக் கருவிகளில் பல எண்ணை மட்டுமே காட்டின என்பதால், இந்த இறங்கும் சுருதியைக் கேட்டவர்கள் நம்மில் குறைவு.

தரவை ஒலியாக்குவது என்றதும் விண்வெளி இசை, கருந்துளையின் ஓலம் என்று இணையத்தில் பரவும் காணொளிகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எனக்கோ இந்த ஆக்சிமீட்டரும், கதிரியக்கம் கூடக்கூடச் சடசடவென்று பொரியும் கைகர் கருவியும்தான் இத்துறையின் உண்மையான சாதனைகளாகத் தோன்றுகின்றன. கண்ணுக்கு வேறு வேலை இருக்கும் நேரத்தில், மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவை, மாறிய கணத்திலேயே உணர்த்துவது ஒலிக்கு இயல்பாகவே கைவருகிறது. இவற்றில் அழகுக்காகச் சேர்த்தது என்று எதுவும் இல்லை.

வேலை நேரம் முழுவதும் எக்செல் தாள்களோடு புழங்குபவன் என்பதால், ஒரு வரைபடத்தைக் காதால் படிக்க முடியுமா என்று பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது. ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானை இயக்கினால், 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், பங்கு விலைச் செயலியின் வரைபடத்தை ஒலியாகக் கேட்கலாம். காலம் இடமிருந்து வலமாக ஓட, விலை ஏறினால் சுருதி ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓராண்டு விலையைக் கேட்டபோது, மெல்லச் சாய்ந்த மாதங்களும் சட்டென்று சரிந்த இடமும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. திரையில் நான் கோடாகவே கடந்துபோகும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் காதில் நடுக்கமாகக் கேட்டன. எவ்வளவு சரிந்தது என்பது மட்டும் ஒலியிலிருந்து பிடிபடவில்லை. அதற்கு அந்த இடத்தில் விரலை வைத்து எண்ணை வாசிக்கச் செய்ய வேண்டியிருந்தது.

எண்ணைச் சுருதியாக மாற்றுவது சொல்லும்போது எளிதாகத்தான் தெரியும். ஆனால் 200 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரையும், 400இலிருந்து 800 வரையும் உள்ள இடைவெளிகளைக் காது ஒரே அளவாக, ஒரு ஸ்தாயியாகவே (அதிர்வெண் இரு மடங்காகும் தூரம்) கேட்கிறது. ஆகவே தரவில் ஒவ்வொரு படிக்கும் 100 ஹெர்ட்ஸ் கூட்டிக்கொண்டே போனால், சமமாக உயரும் கோடுகூட மேலே போகப்போகத் தளர்ந்து விடுவதுபோல் கேட்கும். கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்க வேண்டும். ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியும் முந்தைய அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ 1.06 மடங்கு. இதைக் கவனிக்காமல் செய்த ஒலி வரைபடம், அச்சில் அளவுகோலைக் கோணலாக வரைந்த படத்துக்குச் சமம்.

அளவு கூடினால் சுருதி ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா என்பது இன்னும் நுட்பமான கேள்வி. வெப்பநிலை கூடினால் சுருதியும் கூடும் என்றே கேட்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பொருளின் பருமன் என்றால், பெரியதற்குக் கனத்த, தாழ்ந்த ஒலியையே எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஒலியாக்க ஆய்வகத்தை நடத்தும் புரூஸ் வாக்கர், பார்வையுள்ளவர்களையும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில் பணத்தைப் பற்றி விசித்திரமான ஒன்று வெளிப்பட்டது. பணம் கூடினால் சுருதி ஏறும் என்று பார்வையுள்ளவர்கள் கொள்ள, மற்றவர்கள் அதற்கு நேரெதிராகக் கொண்டார்கள். யாருக்காக உருவாக்குகிறோமோ அவர்களைக் கேட்காமல் இதை முடிவு செய்யக் கூடாது.

பார்வை இழந்த வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் இந்தத் துறைக்கு வந்ததும் அப்படி ஒரு தேவையினால்தான். பியூர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த அவர், நீரிழிவினால் கண்பார்வை போன பிறகு, திரையில் மட்டுமே இருந்த தரவை ஒலியாகக் கேட்டு ஆய்வைத் தொடர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வில் பார்வையுள்ள வானியலாளர்களும் பங்கேற்றார்கள். இரைச்சலுக்குள் புதைந்த சமிக்ஞையை, வரைபடத்தோடு ஒலியும் சேர்ந்தபோது அவர்களால் மேலும் நன்றாக இனங்காண முடிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையாக மட்டுமே ஒலியாக்கத்தைப் பார்ப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

அவரும் ஹார்வர்டின் ஆலிசன் பியரிலாவும் இணைந்து தொடங்கிய லைட்சவுண்ட் கருவி, சூரிய கிரகணத்தை ஒலியாக்குகிறது. வெயில் முழுதாக இருக்கையில் புல்லாங்குழலின் உயர்ந்த ஒலி, வெளிச்சம் மங்கும்போது கிளாரினெட்டின் நடுத்தர ஒலி, முழு மறைவில் தாழ்ந்த 'டிக் டிக்' ஒலி. 2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்துக்காக இவை நூற்றுக்கணக்கில் செய்து வழங்கப்பட்டன. இசைக்கருவிகளைப் பயன்படுத்தினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருப்பதால் இது எனக்குப் பிடிக்கிறது.

பெர்சியஸ் என்னும் விண்மீன் மண்டலக் கொத்தின் கருந்துளை ஒலி அப்படியல்ல. அங்கே வெப்ப வாயுவில் உண்மையாகவே அழுத்த அலைகள் பரவுகின்றன. 2003இல் அறியப்பட்ட அந்த அலைகளின் சுருதி, பியானோவின் நடு 'சி'க்கு 57 ஸ்தாயிகள் கீழே இருக்கிறது. நாசா 2022இல் அதை 57, 58 ஸ்தாயிகள் உயர்த்தி வெளியிட்டது. கேட்டால் உடல் சிலிர்க்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்தத் திசையில் அலை வலுவாக இருக்கிறது, எங்கே மாறுகிறது என்று கேட்டவரிடம் விசாரித்தால், விளக்கக் குறிப்பைப் படித்தாலொழிய அவரால் சொல்ல முடியாது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பதிவு செய்த ஈர்ப்பலையோ 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 250 வரை சுமார் 0.2 நொடியில் ஏறுகிறது. இந்த வீச்சு ஏற்கெனவே நம் செவிக்கு எட்டுவது. இரண்டு கருந்துளைகள் நெருங்க நெருங்கச் சுழற்சி விரைந்து ஒன்றில் ஒன்று மோதுவதை, அந்தச் சிறு கீச்சொலியே சொல்லிவிடுகிறது.

ஒலியின் குறைகளும் சிறியவை அல்ல. பார்த்த படம் திரையில் நிற்கும், கேட்டது போய்விடும். மூன்று நான்கு கோடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் காது திணறுகிறது. அளவைக் கணிக்க ஆதாரச் சுருதி ஒன்று பின்னால் மெல்ல ஒலித்தபடி இருப்பது ஓரளவு உதவும், தம்பூரா பாடகருக்கு உதவுவதுபோல. தமிழ்ச் செய்தித் தளங்கள் மழையளவு, தேர்தல் முடிவு என்று படம் போடும்போது, அதன் கீழே ஒலிக்கும் பொத்தானையும், அதிகபட்சம் எது, குறைந்தபட்சம் எது என்று முதலில் இரண்டு ஒலிகளில் சொல்லும் ஓர் அறிமுகத்தையும் சேர்த்தால், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் வாசகர்கள் 'படம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட வேண்டியிருக்காது.