வாய்க்கால் ஓரத்து எலி

மே மாதம் மன்னார்குடியில் இறங்கியபோது பாமணி ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12 வரை டெல்டாவுக்கு இதுதான் கதி. உளுந்து பறித்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

வடுவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எலி பிடிக்கக் கிட்டி என்ற பொறி வைக்கும் பெரியவரோடு நடந்தேன். தோளில் தொங்கிய கட்டில் நாற்பது மூங்கில் கிட்டிகளாவது இருக்கும்.

"இந்த வெயில்ல எலி தண்ணிக்கு எங்கய்யா போகும்?"

"எங்க போகும் தம்பி, போர்செட்டு வாய்க்கா ஓரந்தான்."

வாழைத்தோப்பு வரப்பில் ஒரு வளை. வாயில் புதுமண் அடைத்திருந்தது. இரண்டு கொத்து கொத்திவிட்டுக் கையை விடச் சொன்னார். பாம்பு இருக்குமோ என்று தயங்கினேன். "வாய அடைச்சிருந்தா உள்ள எலிதான்" என்றார். சரி என்று விட்டேன். முழங்கை ஆழத்தில் மண் சில்லென்று விரலில் ஒட்டியது. மேலே வரப்பில் கால் வைக்க முடியவில்லை.

அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலியும் பகலில் இப்படித்தான் வளையை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். ஆனால் அதற்குப் பக்கத்தில் வாய்க்கால் கிடையாது. காய்ந்த விதையைத் தின்றே உயிர் வாழும். மாவுச்சத்து உடம்பில் எரியும்போது கிராமுக்கு அரை கிராமுக்கு மேல் தண்ணீர் பிறக்கிறது. இது நமக்கும்தான் நடக்கிறது. அந்தத் தண்ணீரை அது செலவழிக்கும் சிக்கனம்தான் நமக்கு வராது. மூச்சு வெளியேறும்போது குளிர்ந்த மூக்குக்குள்ளேயே ஈரம் படிந்து தங்கிவிடும். சிறுநீரை நம்மைவிட நாலு மடங்கு கெட்டியாக்கும் சிறுநீரகம் அதற்கு. நுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சோயாவைத் தீனியாகப் போட்டுக் கடல்நீர் கொடுத்தபோதும் அது தாக்குப்பிடித்தது. எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆய்வகத்து வெள்ளெலி அப்படியில்லை. தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகம் முடிந்தவரை நீரை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் தீனியைக் குறைத்துக்கொள்ளும். தின்றால் கழிவு சேரும், கழிவை வெளியேற்றத் தண்ணீர் வேண்டுமே. வெறும் காய்ந்த தானியத்தோடு விட்டால் மெலிந்து செத்துப்போகும்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கிட்டியின் கயிற்றை இழுத்துப் பூட்டியபடியே கேட்டார்: "தண்ணியே குடிக்காதுன்னா, அங்க கிட்டிய எங்க வைப்பாங்க தம்பி?"

"விதை கிடக்குற எடத்துலதான்யா."

தலையாட்டிவிட்டு, கையிலிருந்த கிட்டியை வாய்க்கால் ஓரமாக ஊன்றினார்.