ஹீமோகுளோபின் 9.6-இல் இருந்து 11.2 வரை: மகளும் பள்ளிச் சாப்பாடும் என் மாமியாரும்

மகள் நாலாம் வகுப்பு. 2024 ஜூன் வரை தனியார் பள்ளியில் படித்தாள், பீஸ் கட்டி முடியவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தோம். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டரைக்கு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்றால் வெளியே வரவே ராத்திரி எட்டரை. காலையில் பிள்ளை என்ன சாப்பிட்டாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அதுதான் பள்ளியில் காலையிலும் போடுகிறார்கள், மத்தியானமும் போடுகிறார்கள், அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

ஜூலையில் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி எடை, உயரம், பல், கண் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், வெளுத்திருக்கிறது, ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள் நாலு நாள் கிடந்து, சனிக்கிழமை பை துவைக்கும்போதுதான் என் கைக்கு வந்தது.

முதல் தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது வீண். மத்தியானம் பர்மிஷன் போட்டு பன்னிரண்டரைக்குப் போனேன், ரத்தம் எடுக்கிற நேரம் முடிந்துவிட்டது, நாளைக்குக் காலையில் வாங்க என்றார்கள். அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். உங்களுக்கும் இப்படிச் சீட்டு வந்தால் எட்டு மணிக்கே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். இரண்டாம் தடவை விரலில் குத்தி எடுத்தார்கள், ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுக்கு 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதானாம்.

பூச்சி மாத்திரை ஒன்று, இரும்புச் சத்து மருந்து ஒரு மாதத்துக்கு, எல்லாம் இலவசம்தான். மருந்து கொடுத்த சிஸ்டர்தான் நின்று நிதானமாகப் பேசினார். என்னிடம் இல்லை, மகளிடம்.

“காலையில என்ன கண்ணு சாப்பிட்டே?”

“டீயும் வருக்கியும்.”

“ஸ்கூல்ல?”

பதில் இல்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் எட்டு மணிக்கு வண்டி ஏறிவிடுவேன். பிள்ளையைக் கிளப்பி அனுப்புவது அவளுடைய அப்பத்தா, அதாவது என் மாமியார். எட்டே காலுக்கெல்லாம் பள்ளியில் பந்தி ஆரம்பித்து எட்டு ஐம்பதுக்கு முடிந்துவிடும், அத்தை அனுப்புவதோ ஒன்பது மணிக்கு. சேர்த்த ஒன்றரை மாதத்தில் ஒரு நாள்கூட மகள் காலை உணவு சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

நேரம் தெரியாமல் செய்தார் என்றுதான் நினைத்தேன். ராத்திரி கேட்டபோது அத்தை சட்டென்று சொன்னார்: “நம்மூட்ல சோத்துக்கு வக்கில்லாமயா புள்ளையத் தட்டத் தூக்கிட்டு வரிசைல நிக்க வெக்கறே அம்மணி?”

மருந்து வாங்குவது, டெஸ்ட் எடுப்பது எல்லாம் பெரிய வேலையே இல்லை. அத்தையைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் ஆகஸ்ட் முழுக்கப் போனது.

அத்தை படித்தது அறுபதுகளில். காமராஜர் 1956-இல் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பு வழியாக வந்த கோதுமையில் உப்புமா கிண்டிப் போடுவார்களாம். அவர் தகரத் தட்டை எடுத்துக்கொண்டு போவார், தோட்டம் காடு வைத்திருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்து தனியாக மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுமாம். ஒருநாள் அதில் ஒரு பையன் இவர் தட்டில் தான் தின்ற எலும்பைப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறான். அறுபது வருஷம் ஆகிறது, அந்தப் பையன் பெயரை இன்னும் சொல்கிறார். என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. பேத்தியை ஏன் ஒன்பது மணி வரை பிடித்து வைத்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது, கோபப்பட முடியவில்லை.

இன்னொரு கேள்வியும் அவரிடம் இருந்தது. “யாரு ஆக்கறது அங்க?” இந்தக் கேள்விக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், நான் தெரியாத மாதிரி இருக்கவில்லை. கம்பெனி கேண்டீனில் நான் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறேன், யார் ஆக்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லை, அந்தச் சம்பளத்தில்தான் நாம் இந்த வீட்டுக்கு வாடகை கொடுக்கிறோம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை.

சரி, சொல்லி ஆகாது, காட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒரு புதன்கிழமை லீவு போட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போனேன். புதன் என்றால் பொங்கல். மற்ற நாளில் அப்போது உப்புமா, கிச்சடி என்று மாறி மாறி வந்தது, காய்கறி போட்ட சாம்பாரோடு. கிராமத்துப் பள்ளிகளில் காலைச் சமையல் செய்வது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், அதுவும் அந்தந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கிற அம்மாக்களைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் பள்ளியில் சமைக்கிறவரின் பையன் என் மகள் வகுப்பு. அஞ்சரைக்கே வந்து அடுப்புப் பற்ற வைத்துவிடுவாராம். நாங்கள் போனபோது தன் பையனுக்கும் அதே கரண்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தார், அவனும் மற்றப் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் ஒருவரும் வரிசைக் கடைசியில் அதே பொங்கலை வாங்கிச் சாப்பிட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “மொளகு பத்தலைங்கம்மா” என்றார். அந்த அக்கா சிரித்துக்கொண்டே, “புள்ளைக காரம்னு எடுத்து வெச்சுருதுங்கம்மா, அதான்” என்றார். பிறகு இரண்டு பேரும் பருப்பு குழைவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து மகள் எட்டு மணிக்குக் கிளம்புகிறாள், அத்தையே கொண்டுபோய் விடுகிறார். காலையில் டீ இல்லை.

ஒன்று முடிந்தால் இன்னொன்று. செப்டம்பரில் இரண்டாம் பரிசோதனை, 10.1. ஏறியிருக்கிறது, ஆனால் போதாது. மருந்தை எப்போது கொடுக்கிறீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். காலை டீயை நிறுத்தினோமே தவிர, சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர் டீ அத்தை கொடுத்துக்கொண்டிருந்தார், மருந்தும் அதோடு சேர்த்துத்தான். மருந்து கசக்கிறதாம், டீ குடித்தால் கசப்புப் போய்விடுமாம். டீயில் இருக்கிற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது, பாலும் அதே மாதிரி இடைஞ்சல் பண்ணும் என்று சிஸ்டர் சொன்னார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் இதே விஷயம் இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்று. இப்போது எலுமிச்சம்பழச் சாறு, இல்லாவிட்டால் ஒரு துண்டு கொய்யா, அதோடு மருந்து. புளிப்புப் பழத்தில் இருக்கிற வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

இன்னொரு விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் பயந்து செத்தது. இரும்பு மருந்து குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். மூன்றாம் நாளே அப்படிப் போக, ராத்திரி பத்து மணிக்கு அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் போட்டுக் கேட்டேன். மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். மருந்தை உயரத்தில் வையுங்கள் என்றும் சொன்னார்கள். சின்னக் குழந்தைகள் இனிப்பு என்று நினைத்து எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாம். எனக்குச் சின்னவன் மூன்று வயது, எதையும் வாயில் வைப்பான். அன்றைக்கே பரண் மேல் ஏற்றினேன்.

நடுவில் நான் காசைக் கரைத்த கதையும் உண்டு. பீட்ரூட், மாதுளை, இரண்டும் சிவப்பு, ரத்தம் ஊறும் என்று வாரம் முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டிலும் இரும்பு கொஞ்சம்தான், நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காசில் வாரம் ஒருதரம் ஆட்டு ஈரலோ கோழி ஈரலோ கால் கிலோ வாங்கலாம், மற்ற நாளுக்குக் கொள்ளு, கொண்டைக்கடலை, கீரை. கொள்ளுப் பருப்பு எங்கள் வீட்டில் எப்போதும் ஆக்குவதுதான், அதில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும் என்பது மட்டும் புதுசு.

மத்தியானச் சாப்பாட்டில் வந்தது வேறு பிரச்சினை. எங்கள் காலத்தில் சத்துணவு என்றால் தினமும் சாம்பார் சாதம். இப்போது கலவை சாதம், புலாவ், கீரை சாதம் என்று மாறி மாறிப் போடுகிறார்கள், வாரம் ஐந்து நாளும் முட்டை, சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஆனால் மகள் முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவாளாம். ஏன் என்றால், “அது கெட்டுப் போச்சும்மா, பச்சையா இருக்கு.”

ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழு புதிதாக அமைத்தபோது 24 பேரில் ஒருத்தியாக என்னையும் சேர்த்திருந்தார்கள். அதனால் பள்ளிக்குப் போய்ச் சாப்பாட்டை ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடும் முறை எனக்கும் வந்தது. (குழுவில் இல்லாவிட்டாலும் எங்கள் தலைமையாசிரியர் பெற்றோரைப் பார்க்க விடுகிறார், கேட்டால் போதும்.) அன்றைக்கு முட்டையைப் பிட்டுப் பார்த்தேன். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமாக ஒரு வளையம். பிள்ளை சொன்னது சரிதான், ஆனால் கெட்டுப்போனது இல்லை. ரொம்ப நேரம் வெந்தால் மஞ்சளில் இருக்கிற இரும்பும் வெள்ளையில் இருக்கிற கந்தகமும் சேர்ந்து அந்த நிறம் வரும். சமையல் அக்கா பாவம், நூறு முட்டையை ஒரே அண்டாவில் போட்டு, வெந்துவிட்டதா இல்லையா என்ற பயத்தில் அரை மணிக்கு மேல் விட்டுவிடுகிறார், இறக்கிய பிறகும் அதே கொதிதண்ணீரில் கிடக்கிறது. இறக்கியதும் வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்களேன் என்றேன். முதலில் அவருக்குச் சுள்ளென்று கோபம். அடுத்த வாரம் தானாகவே செய்திருக்கிறார், வளையம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மகள் இப்போது மஞ்சளும் சாப்பிடுகிறாள், ஆனால் மிளகு முட்டை போடும் நாளில் மட்டும்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ருசி பார்த்த ஒரு நாளில் சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரிசி நூறு கிராம், பருப்பு இருபது, காய் ஐம்பது என்று கணக்கு இருக்கிறது. குழுக் கூட்டத்தில் கேட்டோம். காய் விலை ஏறிவிட்டது, கொடுக்கிற காசு கட்டுபடியாகவில்லை என்று பதில் வந்தது, அதுவும் பொய் இல்லை. பெற்றோர் வீட்டில் முருங்கை இருப்பவர்கள் கீரை கொடுக்கலாம் என்று முடிவானது. நாலு வீட்டில் மரம் இருக்கிறது, இரண்டு வீட்டிலிருந்துதான் வருகிறது. அதில் ஒன்று எங்கள் வீடு, அத்தை புதன்கிழமை காலையில் பேத்தியை விடப் போகும்போது ஒரு கட்டு ஒடித்து எடுத்துக்கொண்டு போகிறார்.

டிசம்பரில் மூன்றாம் பரிசோதனை, 11.2. இன்னும் 11.5 ஆகவில்லை. சரியான அளவு வந்த பிறகும் கொஞ்ச நாள் மருந்து கொடுத்தால்தான் உடம்பில் இருப்பு சேரும், நிறுத்த வேண்டாம் என்றிருக்கிறார் டாக்டர். பள்ளி லீவு நாளில்தான் சிக்கல், சனி ஞாயிறு முட்டை நான் வாங்கிப் போட வேண்டும், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வர ராத்திரியாகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமையே கடையில் நாலு முட்டை கடன் சொல்லி வாங்கி வைக்கிறேன். அடுத்த பரிசோதனை பொங்கல் கழித்து, டோக்கனுக்கு அத்தை போகிறேன் என்றிருக்கிறார்.