உப்புவெளியில் ஒரு கச்சான் காலத்துப் பகல்

வைகாசி பிறந்தால் திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயிலையும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்துவிட்டு நேரே கடற்கரைக்குப் போவார்கள். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் சிநேகிதர் வீடு இருந்தால் ஒரு பகலை அந்த வளவுக்கும் ஒதுக்குங்கள். மாரி மழை பெய்யும்போது எவரும் பயிர் வளர்ப்பார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், வெயில் 34 பாகையைத் தொடும்போது, மணலில் கீரையும் பாவற்காயும் காய்க்க வைப்பதுதான் கைவண்ணம்.

புல்மோட்டை வீதியில் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து 6.30க்குள் போய்ச் சேருங்கள். கீரையை வெயிலேற முன்னர் பறித்தால்தான் சமைக்கும்வரை வாடாது. கையில் கேக் பெட்டி வேண்டாம். கரைவலை இழுக்கும் காலம் என்பதால், வழியில் கரையிலேயே மீன் வாங்கலாம். அதோடு பொன்னாங்காணித் தண்டு ஒரு கட்டு, ஈரத்துணியில் சுற்றி. ஒவ்வொரு தண்டிலும் நாலைந்து கணு இருக்கட்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போனால் வேர் பிடித்துவிடும். தோட்டக்காரருக்கு இதைவிட நல்ல கைவிசேஷம் இல்லை.

இந்த மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் அதோடு கீழே இறங்கிவிடும். அதனால் மேலே எருவைக் கொட்டுவதை விட அடியில் தென்னம்பொச்சைப் புதைப்பதே இங்கே பலன் தரும். பாவலுக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டுங்கள். அடியில் பொச்சை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு அடுக்கு வையுங்கள். கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதன் மேல் மக்கிய மாட்டெரு ஒரு கூடை, பிறகு மேல்மண். குழியை நிலமட்டத்துக்கு நாலு அங்குலம் தாழவே விட வேண்டும். மேடு கட்டுவது மாரிக்குத்தான் சரி. நாலு விதை ஊன்றி, முளைத்தபின் நல்ல இரண்டை மட்டும் விடுங்கள். சருகு மூடாக்கு மூன்று அங்குலம் போதும். ஆனால் அது தண்டைத் தொடக்கூடாது, தொட்டால் கறையான் ஏறும்.

தண்ணீர் காலை 7 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும். மோட்டரை ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது; அளவு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். இலைநுனியும் ஓரமும் கருகினால் பலர் வெயில் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

பாவற்பிஞ்சு விரலளவு வந்ததும் பத்திரிகைத் தாளைக் குழாய்போலச் சுற்றி, காம்பில் வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பழ ஈ பிஞ்சில்தான் முட்டையிடும். பொலித்தீன் பை போட்டால் உள்ளே வியர்த்து அழுகுவதும் உண்டு. புழு விழுந்த காயை வேலியோரம் எறிவது பெரிய பிழை. புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொன்ற பிறகே எறிய வேண்டும். வெண்டியில் நரம்பு மஞ்சளித்த செடி தெரிந்தால் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அந்த நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

10 மணிக்குமேல் தோட்டத்தில் வேலையில்லை. எல்லோரும் குசினிக்குள் வந்துவிடலாம். ஒருவர் தேங்காய் திருவ, ஒருவர் கீரை ஆய. ஆறு பேருக்கு ஒரு பெரிய தேங்காயில் சொதி வைக்கலாம். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள் போட்டு வேகவிடுங்கள். மீன் துண்டு போட்டு வெந்ததும் முதற்பாலை விட்டு, துழாவிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கி ஆறவிட்ட பிறகுதான். கொதியில் விட்டால் பால் திரைந்துவிடும், அதன்பின் சரிசெய்ய வழியில்லை. முருங்கையிலை வறைக்கு மூடி போடாமல், தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டினால் பச்சை மாறாது. குத்தரிசிச் சோறு, பாவற்காய்ச் சம்பல், மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி. அவ்வளவும் போதும், இறைச்சி தேடத் தோன்றாது.

சாப்பிட்ட பிறகு மாமர நிழலில் பாயை விரித்துப் படுங்கள். கச்சான் சுடச்சுட வீசும், கதை மட்டும் ஓயாது. 5 மணிக்கு இரண்டாம் தடவை தண்ணீர் விடும்போது, விருந்துக்கு வந்தவர்களும் கைகொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை என்றால் அரை மணியில் முடியும்.

புறப்படும்போது முருங்கையிலையைக் கொப்போடு ஒடித்துத் தருவார்கள். அதைப் பஸ்ஸில் இருந்து உருவ வேண்டாம். பத்திரிகைத் தாளில் இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிர்ந்து, ஈர்க்கு மட்டும் கையில் நிற்கும்.