நூறு வோல்ட் பெட்டியும் குன்னூர் கரண்டும்

தம்பி ஜப்பானின் ஹமாமட்சுவில் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கடந்த ஐப்பசியில் குன்னூருக்குத் திரும்பி வந்தான். அவன் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று முழுவதும், அங்குள்ள பழைய பொருள் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்த வீடியோ கேம் விளையாட்டுக் கருவிகள் இருந்தன: ஒரு சூப்பர் ஃபேமிகாம், கறுப்புச் செங்கல் போன்ற பழைய பெரிய பிளேஸ்டேஷன் 2, ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச். இவற்றோடு அம்மாவுக்கென்று ஒரு ரைஸ் குக்கரும் வாங்கி வந்திருந்தான். சுங்கப் பரிசோதனையும் மலைப்பாதையும் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தன. வீட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டில்தான் எங்களுக்குக் கண்டம் காத்திருந்தது.

முதலில் ஸ்விட்சை எடுத்தோம். அதன் சார்ஜரில் இருந்த இரண்டு தட்டைப் பின்களும் நம் சாக்கெட்டில் நுழையாததால், மார்க்கெட்டில் அறுபது ரூபாய்க்கு ஒரு பின் மாற்றி வாங்கிச் செருகினோம். உடனே சார்ஜ் ஏறத் தொடங்கியது. அது ஒழுங்காக வேலை செய்ததுதான் எங்களைக் கெடுத்தது. ஒரு ஜப்பான் பொருள் ஓடியதைப் பார்த்துவிட்டு, ஜப்பான் பொருள்கள் எல்லாமே இப்படித்தான் ஓடும் என்று முடிவு கட்டிக்கொண்டோம். ஸ்விட்சின் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கக்கூடியது என்பதும், அது சார்ஜரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது என்பதும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

அடுத்தது பிளேஸ்டேஷன் 2. அதற்குப் பின் மாற்றி கூடத் தேவைப்படவில்லை. அதன் பின்புறத்தில் இருக்கும் எட்டு வடிவத் துளையில், வீட்டில் கிடந்த பழைய டேப் ரெக்கார்டரின் கார்டு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்துகிறதே என்ற மகிழ்ச்சியில் தம்பி பின்பக்க மெயின் சுவிட்சைப் போட்டான். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது, மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் கீழே விழுந்து வீடு இருண்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, கருவியின் காற்றுப் போக்கி வழியாக மெல்லிய புகை ஒன்று, தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பது போல வெளியேறிக்கொண்டிருந்தது. மின்சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்த சீட்டில் 100 வோல்ட் என்று தெளிவாக எழுதியிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தோம்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. இது மாறுதிசை மின்சாரம் என்பதால் அதன் உச்சம் இன்னும் மேலே போகும்: 100 வோல்ட்டின் உச்சம் ஏறத்தாழ 141, 230 வோல்ட்டின் உச்சம் ஏறத்தாழ 325. எங்கள் கருவிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் 200 வோல்ட் தாங்கக்கூடியது. அதன் தலையில் 325 ஏறினால் என்ன ஆகும் என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தக் கெப்பாசிட்டர் வெடிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். முதல் அடியை வாங்கிக்கொண்டவை வேரிஸ்டர் என்ற சிறிய வட்டச் சில்லும் ஃபியூஸும் மட்டுமே. கூடுதல் வோல்ட்டேஜ் வந்தால் தன்னைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றுவதுதான் வேரிஸ்டரின் வேலை, அதை அது சரியாகச் செய்திருந்தது. மறுநாள் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்த டி.வி. மெக்கானிக் கருகிய வேரிஸ்டரைப் பிடுங்கி எறிந்தார். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்தார். "இப்பப் பாருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே, நாங்கள் வாய் திறப்பதற்குள் தன் மேசையில் இருந்த 230 வோல்ட் சாக்கெட்டிலேயே மாட்டினார். அப்போது வெடித்ததுதான் கெப்பாசிட்டர். இது 100 வோல்ட் பொருள் என்று வாசலிலேயே சொல்லியிருந்தோம். அவர் தலையாட்டவும் செய்திருந்தார். பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் வாயால் சொல்வதோடு நிறுத்திவிடாமல், ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி மின்துளையின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பி வைப்பவரிடம் ஜப்பான் பொருளை மட்டுமல்ல, எந்தப் பொருளையுமே கொடுக்காதீர்கள். துணிச்சலில் நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் சிறிது நேரம் மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த சறுக்கல் என்னுடையது. இணையத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பயணக் கன்வெர்ட்டர் கிடைத்தது. 1600 வாட் வரை தாங்கும் என்று போட்டிருந்தார்கள், எடையோ ஒரு சோப்புக் கட்டியின் எடைதான். வந்த பிறகு பொடி எழுத்தைப் படித்தேன்: இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி போன்ற சூடேற்றும் கருவிகளுக்கு மட்டும். இந்த வகைக் கன்வெர்ட்டர் வோல்ட்டேஜை உண்மையில் இறக்குவதில்லை. மின்னலையை வெட்டி வெட்டிச் சராசரியைத்தான் குறைக்கிறது. சூடேறும் கம்பிச்சுருளுக்கு அது போதும். எலக்ட்ரானிக் கருவிக்கோ உச்ச வோல்ட்டேஜ் அப்படியே போய்ச் சேரும். நல்ல வேளையாக மாட்டிப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்பியதும் பணம் வந்துவிட்டது.

ஆக, இரும்பும் செம்புமாகக் கனக்கிற வோல்ட்டேஜை உண்மையிலேயே இறக்கித் தருகிற ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும் என்று தெளிந்து கோயம்புத்தூருக்குப் புறப்பட்டேன். டவுன்ஹால் பக்கம் நான்கு கடைகளில் 'நூறு வோல்ட்டா?' என்று சிரித்தார்கள். ஐந்தாவது கடையில் 230-க்கு 110 தருகிற டிரான்ஸ்பார்மர் இருந்தது. "110தான் சார் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க, பத்து வோல்ட்டுல என்ன ஆகிடப் போகுது?" என்று கடைக்காரர் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு பதினொரு மணிக்கு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பத்து வோல்ட்டின் அருமை தெரிந்தது. எங்கள் தெருவில் மாலையில் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும்போது 200-க்குக் கீழே இறங்கும் வோல்ட்டேஜ், ஊர் உறங்கிய பிறகு ஏறிவிடும். அன்றைக்கு 244 காட்டியது. டிரான்ஸ்பார்மரில் நுழைவது ஏறினால் வெளிவருவதும் அதே விகிதத்தில் ஏறும் அல்லவா? மறுமுனையில் 118 காட்டியது. ஜப்பானில் வீட்டுக்கு வரும் வோல்ட்டேஜ் 101-லிருந்து ஆறு வோல்ட் கூடவோ குறையவோதான் இருக்கலாம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. அதாவது உச்சவரம்பு 107. அந்தக் கட்டுப்பாட்டிலேயே வளர்ந்த பழைய பெட்டிக்கு இரவெல்லாம் 118 கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்றி வாங்கலாம் என்று மறுபடியும் இறங்கினேன். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து கிடந்ததால் பஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போய், கடையை அடைந்தபோது மணி இரண்டு. கடைக்காரர் என் கையில் இருந்த சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பில் இல்லீங்களே, எஸ்டிமேட்டுதானே, பில் இருந்தாத்தான் மாத்தித் தர முடியும்" என்றார். அந்த எஸ்டிமேட்டை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். வரி எண் போட்ட முறையான பில்லைக் கேட்டு வாங்காதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏழு கிலோ இரும்பை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்ப ஏறியவனுக்குத்தான் அந்தத் தவறின் எடை தெரியும்.

காரியம் நடந்தது மூன்றாவது பயணத்தில். மோட்டாரும் பம்ப்செட்டுமாக வாழ்கிற கோயம்புத்தூரில் காயில் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பது எனக்கு ஏன் முதலிலேயே உறைக்கவில்லை என்று தெரியவில்லை. கணபதியில் ஒரு வைண்டிங் கடையில் விசாரித்தேன். அங்கிருந்த பெரியவர் விலையையும் பேசவில்லை, வாட்டையும் கேட்கவில்லை, "உங்க ஊர்ல ராத்திரி எவ்வளவு வருதுங்க?" என்றுதான் முதலில் கேட்டார். 244 என்றதும், நுழையும் பக்கத்தில் 230, 250 என இரண்டு முனைகளை எடுத்துத் தருவதாகச் சொன்னார். இரவில் 250 முனையில் இணைத்துக்கொண்டால் வெளிவருவது நூறை ஒட்டியே நிற்கும். வோல்ட்டேஜ் திடீரென்று இறங்கினால் விளையாட்டு நின்றுபோகும், அவ்வளவுதான். ஏறினால்தான் கருகும் என்பது அவர் கணக்கு.

இன்னொன்றையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள். அவற்றில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே சுருள்தான் இருக்கும், அந்தப் பொதுப் பகுதியில் கம்பி அறுந்தால் 230 வோல்ட்டும் நேராகக் கருவிக்குள் போய்விடலாம். இரண்டு சுருள்களையும் தனித்தனியாகச் சுற்றிய ஐசொலேஷன் வகை விலையிலும் எடையிலும் கூடுதல், ஆனால் அதற்கு அந்த ஆபத்து இல்லை. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். எங்கள் கருவி இழுப்பது ஐம்பது வாட் அளவுதான் என்றாலும் 200 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) அளவில் கட்டச் சொன்னேன். தேவையைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் சூடேறாமல் ஓடும். நுழையும் பக்கம் சற்றுத் தாமதித்தே எரியும் ஒரு ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், வெளிவரும் பக்கம் இரண்டு ஆம்பியர் ஃபியூஸ். வார்னிஷ் காய்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் என் கண்ணெதிரிலேயே ஒரு குண்டு பல்பை சீரீஸில் மாட்டிச் சோதித்துக் காட்டி, முறையான பில்லோடு கொடுத்தார். கருகிய பெட்டியை அவரே கைகாட்டிய ஒருவர், சரியான அளவு வேரிஸ்டர், ஃபியூஸ், கெப்பாசிட்டர் மூன்றும் போட்டு ஒரே மாலையில் எழுப்பிவிட்டார்.

சூப்பர் ஃபேமிகாமுக்கு இந்தப் பாடு எதுவுமே தேவைப்பட்டிருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் அடாப்டரில் ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும்: கூரை போலக் கால் விரித்து நிற்கும் எழுத்தில் தொடங்குவது உள்ளே போவது, மலைமேல் மலையை அடுக்கியது போன்ற எழுத்தில் தொடங்குவது வெளியே வருவது. எங்களுடையதில் உள்ளே 100 வோல்ட், வெளியே 10 வோல்ட் நேர்மின்சாரம், 850 மில்லி ஆம்பியர். கருவிக்குள் போவது அந்தப் பத்து வோல்ட்தான் என்பதால், நம் ஊரிலேயே கிடைக்கும் 9 வோல்ட், ஒரு ஆம்பியர் அடாப்டர் ஒன்றைக் கொடுத்தாலே அது ஓடிவிடும். கவனிக்க வேண்டியது முனையை: இதற்கு நடுமுனை நெகட்டிவ், நம் கடைகளில் தொங்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் பெடலுக்கென்று இசைக்கருவிக் கடைகளில் விற்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் நடுமுனை நெகட்டிவாக இருப்பதே வழக்கம், ஆனாலும் மீட்டரில் பார்த்துவிட்டே மாட்டுங்கள். அமெரிக்க நின்டெண்டோவின் பழைய அடாப்டரை மட்டும் தொடாதீர்கள். அது வெளியே தருவதும் மாறுதிசை மின்சாரம், ஃபேமிகாம் வகைக் கருவிகளுக்கு அது நஞ்சு.

அதிர்வெண் பற்றி நான் வீணாகப் பயந்தேன். டோக்கியோ அந்தக் காலத்தில் ஜெர்மானிய ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால், ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்று ஜப்பானே இன்றுவரை இரண்டாகத்தான் இருக்கிறது; அதனால் அங்கே விற்ற விளையாட்டுக் கருவிகளில் 50/60 என்று இரண்டுமே போட்டிருக்கும். டி.வி.யிலும் சிக்கல் இல்லை, எங்கள் எல்.இ.டி. டி.வி. ஜப்பானின் என்.டி.எஸ்.சி. என்ற டி.வி. முறையில் வரும் படத்தை வண்ணத்தோடு ஏற்றுக்கொண்டது.

ரைஸ் குக்கர் பரணில் இருக்கிறது. அது 100 வோல்ட்டில் 700 வாட் இழுப்பது. தவறி நம் சாக்கெட்டில் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல், ஏறத்தாழ 3,700 வாட் இழுக்கும். அதற்கு டிரான்ஸ்பார்மர் கட்டினால் என்னால் தூக்கவே முடியாது. "இருக்கிற குக்கருக்கு என்னடா குறைச்சல்?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனாலும் அதன் கார்டையும் மற்ற 100 வோல்ட் கார்டுகளையும் தம்பி சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்திருக்கிறான். சிவப்பு சுற்றியது எதுவும் சுவரில் நேராகப் போகக் கூடாது என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த 110 வோல்ட் இரும்பை, மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய 120 வோல்ட் தையல் மெஷினை ஓட்ட முடியாமல் வைத்திருந்த எதிர்வீட்டு அக்கா பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். மாலையில் கீசர் ஓடும் நேரத்தில் தைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார். எஸ்டிமேட் இருக்கிறது என்றேன்.