கோரையோடு ஒரு மல்லுக்கட்டு

வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனபோது, கோவை வீட்டு வாசலில் புல்வெளி இருந்த சுவடே இல்லை. இடுப்பளவு பார்த்தீனியம், நடுநடுவே குப்பைமேனி, காம்பவுண்டு ஓரம் மூக்கிரட்டை. மிச்சம் இருந்த இடமெல்லாம் கோரை.

பார்த்தீனியம் பெரிய விஷயமில்லை. பூ விடுவதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். வெறுங்கை மட்டும் கூடாது. சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், நானும் அந்தச் சிலரில் ஒருத்தி.

கோரைதான் ஆட்டம் காட்டியது. பார்க்கப் புல் போல இருந்தாலும் அது புல் குடும்பமே கிடையாது. தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று பட்டை நெருடும். இழுத்தால் மேலே இருப்பது சுலபமாகக் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். களை எடுக்க வந்த அக்கா, "இது இழுத்தா சாவாதுங்க கண்ணு, நோண்டித்தான் எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பெயர்த்துக் காட்டினார். கம்பி மாதிரியான வேரில் கறுத்த கிழங்குகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு வந்தன. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, நல்ல வாசனை வேறு. நலங்குமாவுக்கு இதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

புல்வெளி போட்டுத் தருபவர் ஒருவர், "ரெண்டு இஞ்ச் செம்மண்ணக் கொட்டி, மேல கொரியன் கிராஸ் விரிச்சுட்டாப் பளிச்சுனு இருக்குங்க மேடம்" என்றார். பாலித்தீன் ஷீட்டையே குத்திக்கொண்டு முளைக்கிற கோரைக்கு இரண்டு இஞ்ச் மண் எம்மாத்திரம்? லாரி மண்ணிலேயே புதுக் கோரைக்கிழங்கு வந்து இறங்கவும் வாய்ப்புண்டு. மருந்தடிக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்பவர்கள் மூலம் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022-லேயே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. அப்படியே ஆள் கிடைத்தாலும், நாய் புரளுகிற இடத்தில் எனக்கு மனசு ஒப்பாது.

ஆகவே கோடை உழவுதான். சித்திரை வெயிலில் மண்ணைக் கொத்திக் கிளறி, கிழங்குகளை மேலே இழுத்துப் போட்டுக் காயவிட்டோம். தண்ணீர் ஒரு சொட்டு காட்டவில்லை. சுருங்கிக் காய்ந்த கிழங்கு மறுபடி முளைக்காது. ஆழத்தில் தப்பியவை வைகாசி மழைக்குத் தலைகாட்டின. அவை புதுக் கிழங்கு வைப்பதற்குள், இலை நாலைந்து விட்டதுமே களைக்கொத்தால் நோண்டி எடுத்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் குறுக்கு வழி கிடையாது.

ஆடியில் அருகு நட்டோம். பெர்முடா கிராஸ் என்று நர்சரியில் கேட்டால் விலை ஏறும், நம்மூர் அருகம்புல்லும் அதே இனம்தான். கணு உள்ள துண்டுகளை அரை சாண் இடைவெளியில் ஊன்றி, நன்றாக மக்கிய எருவைச் சலித்துத் தூவினோம். அரைகுறையாக மக்கிய சாணியைப் போட்டால் களை விதையையும் சேர்த்துத் தூவின மாதிரி. ஐப்பசி மழைக்கு அருகு ஓடிப் படர்ந்து மண்ணை மூடிவிட்டது. வேப்பமரத்தடியில் மட்டும் வரவில்லை. அருகுக்கு வெயில் வேண்டும், அந்த இடத்தில் கல் பெஞ்ச் போட்டாயிற்று.

கோரை ஒழிந்ததா என்றால், இல்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கிறது, களைக்கொத்தும் குழாயடியிலேயே கிடக்கிறது. இப்போதைய சிக்கல் வேறு. எதிர்வீட்டுப் பாட்டி பிள்ளையாருக்கு மாலை கட்ட எங்கள் வாசலில்தான் அருகு பறிக்கிறார். சங்கடஹர சதுர்த்திக்கு முந்தின நாள் புல் வெட்டுகிற மெஷினை எடுக்கவே கூடாது என்று உத்தரவு.