வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வாஷிங்டன் பார்த்தோம்

வாஷிங்டனில் எந்த ஓட்டலில் தங்கினீர்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். ஓட்டலில் தங்கவே இல்லை. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற 25 அடி வண்டியை வாடகைக்கு எடுத்து, நியூ ஜெர்சியில் மகன் வீட்டிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே அதை ஆர்.வி. என்கிறார்கள். அயனாவரத்திலிருந்து போன, அறுபது தாண்டிய புருஷன் பெண்டாட்டியால் இது முடியுமா என்று அக்காவிலிருந்து கீழ்வீட்டு மாமி வரைக்கும் கேட்டாகிவிட்டது. முடியும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இவர் சென்னையில் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிக்குள் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, ஒயர் எங்கே ஏறுகிறது என்று பார்த்தே பழகிய கண். வாடகைக்கு விடுகிறவர் வண்டியைச் சுற்றிக் காட்டியபோது, இவர் கீழே குனிந்து அடித்தொட்டிகளைத்தான் முதலில் பார்த்தார். மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. காலி செய்யும்போது கழிவறைத் தொட்டியைத்தான் முதலில் திறக்க வேண்டும். பிறகு மற்றதைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். முகாமில் சாக்கடை இணைப்பு கொடுத்திருந்தாலும் கழிவறை வால்வை மூடியேதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மீதி அடியில் தங்கிவிடும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ரயிலில் பயோ டாய்லெட் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு இவர் பாடம் எடுத்துவிட்டு வந்தார்.

நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 150 லிட்டர். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்ற எனக்கு அது தாராளம். சமையலும் சிரமமில்லை. நியூ ஜெர்சியில் எடிசன் என்கிற ஊரில் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் மாவு, புளி, அப்பளம் வாங்கி ஏற்றிக்கொண்டோம். தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். புகை எச்சரிக்கை மணி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓட்டுவதற்குச் சென்னை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போனார். ஒரு வருஷம் செல்லும், கூடவே நம் லைசென்சும் கையில் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டிப் பழக மகன் காரில் அவர்கள் தெருவிலேயே சுற்றினார். வண்டி உயரம் எத்தனை அடி என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினார். தாழ்வான பாலம் வந்தால் யோசிக்கக் கூடாது இல்லையா.

வழியில் முக்கியமான இடம் பால்டிமோர். துறைமுகத்துக்கு அடியில் இரண்டு சுரங்கச் சாலைகள் போகின்றன. அடுப்புக்குப் புரொப்பேன் எரிவாயு சிலிண்டர் வைத்திருக்கிற நம்மைப் போன்ற வண்டிகளுக்கு இரண்டிலும் அனுமதி இல்லை. முன்பெல்லாம் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் ஏறிப் போய்விடுவார்களாம். அது 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி இடிந்து விழுந்துவிட்டது. அதனால் 695 சுற்றுச்சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். கைபேசி வரைபடம் கார் என்று நினைத்துச் சுரங்கத்துக்குத்தான் வழி காட்டும், நம்பிவிடாதீர்கள். “ரயில்லயே சிலிண்டர் ஏத்த விடமாட்டோம், சுரங்கத்துல விடுவாங்களா?” என்றார் இவர்.

வாஷிங்டனுக்குள் வண்டியைக் கொண்டு போகவே இல்லை. மேரிலாந்தில் காலேஜ் பார்க்கில் ஆர்.வி. முகாம் இருக்கிறது. கரண்ட், தண்ணீர், சாக்கடை மூன்றும் அங்கே இணைத்துக்கொண்டோம். காலையில் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் பச்சை லைன் மெட்ரோவில் நேராக ஆர்க்கைவ்ஸ் ஸ்டேஷன். ரயிலுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மதியம் நேஷனல் மால் என்கிற நீண்ட புல்வெளிப் பூங்காவில் எல்ம் மரத்தடி பெஞ்சில் டப்பாவைத் திறப்போம். சாயங்காலம் வீடு. ஆபீஸ் போய் வருகிற மாதிரி ஒரு தலைநகரத்தைப் பார்த்தோம். அதில்தான் எனக்கு அவ்வளவு நிறைவு. பஸ் நிறைய ஆட்களோடு போனால் ஒவ்வொரு இடத்துக்கும் இறங்கிப் படம் எடுத்து ஏறத்தான் நேரம் இருக்கும்.

மாலில் இருக்கிற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அமெரிக்காவில் காலே வைக்காத ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற இங்கிலாந்துக்காரர் விட்டுப்போன சொத்தில் 1846-ல் உண்டான நிறுவனம் அது. அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 1926-ல் செய்த 1401 எண் நீராவி எஞ்சினை முழுசாக உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் 1959-ல் செய்த சிகாகோ மெட்ரோ பெட்டி. அதன் ஜன்னல் சட்டத்தையும் சீட் அடிப்பகுதியையும் இவர் பார்த்த பார்வை! ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கியது, இரண்டும் ஒரே காலத்து வேலை.

வாஷிங்டன் நினைவுத் தூண், லிங்கன் நினைவகம் எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்ததுதான். தூணில் கால் பங்கு உயரத்துக்குச் சற்று மேலே கல்லின் நிறம் மாறுவதை மட்டும் கவனியுங்கள். 1854-ல் பணமில்லாமல் வேலை நின்று, 1879-ல் மறுபடி தொடங்கியபோது கல் வேறு குவாரியிலிருந்து வந்தது.

என்னை நிறுத்தி வைத்தது ஃப்ரீர் கலைக்கூடம். அங்கே மூன்றரை அடி உயரத்தில் ஒரு சோழர் காலத்துச் செம்புச் சிலை இருக்கிறது. பார்வதியின் தோற்றத்தில் நிற்கிற ராணி, அநேகமாகச் செம்பியன் மாதேவி. சோழ மன்னர் கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழனின் தாய். செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்கோயிலாக்கிய அம்மா. கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரால் எடுத்தவள். நீண்ட கை தளர்ந்து தொங்க, இன்னொரு கையில் பூ வைக்கத் தோதாக விரல்கள் மடங்கியிருக்கின்றன. 1929-லிருந்து அங்கே இருக்கிறாள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எத்தனையோ செப்புத் திருமேனிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவ்வளவு தொலைவில், பூ இல்லாத அந்த விரல்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் ஊரில் இருக்க வேண்டியவள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். மறுநாள் வேறு எதையும் பார்க்காமல் அவளை மட்டும் பார்க்கப் போனோம். “இன்னொரு தரம் போலாமாங்க?” என்று கேட்டதும் “அதுக்கென்னம்மா, டிக்கெட்டா வாங்கணும்?” என்றார்.

கடைசியாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான், இதை விடுவேனா? ஜெஃபர்சன் கட்டிடம் 1897-ல் திறந்தது. நம்முடைய சென்னை கன்னிமாரா நூலகம் 1896, ஒரு வருஷம் மூத்தது! பாஸ்போர்ட்டைக் காட்டினால் வாசகர் அட்டை இலவசமாகத் தருகிறார்கள். 1950-60களில் அமெரிக்கா நமக்குக் கோதுமை கொடுத்து, விலையை ரூபாயாகவே வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962-லிருந்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கினார்கள், தமிழும் அதில் உண்டு. ஆசிய வாசிப்பறையில் நான் கேட்ட தமிழ்ப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் சென்னை பிராட்வே அச்சக முகவரி, விலை ரூபாயில். தாள் நம் ஊர்ப் பிரதிகளைவிட நன்றாக இருந்தது. குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். நம் நூலகங்களிலும் பழைய புத்தகங்களை இப்படி வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

போகிறவர்களுக்கு: அந்தக் கட்டிடம் ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், உள்ளே போக நேரம் குறித்த இலவசச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் போலவே புழுங்கும். மார்ச் கடைசியில் செர்ரி பூக்கிற காலத்தில் முகாமில் இடம் கிடைப்பது கஷ்டம். நாங்கள் போன செப்டம்பர் கடைசி நடப்பதற்குச் சுகமாக இருந்தது. அரைக்கை சட்டையோடு இவர் சாயங்காலம் வரை சுற்றினார். ராத்திரிக்கு மட்டும் ஒரு கம்பளி போதும், வண்டிக்குள்ளேயே ஹீட்டரும் இருக்கிறது.