விடிய விடிய கர்ண மோட்சம்: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கூத்து ராத்திரி

தெருக்கூத்து பாக்க போறேன்னு யாராச்சும் சொன்னா நான் முதல்ல கேக்கறது, மறுநாள் லீவு போட்டிருக்கீங்களா? எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பங்குனில இருந்து ஆடி வரைக்கும் எங்கயாச்சும் ஒரு ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதம், அதாவது மகாபாரத கதைய ராத்திரி ராத்திரி கூத்தா ஆடற திருவிழா, நடந்துட்டே இருக்கும், போறவங்களும் நிறைய பேரு தான், ஆனா பாதி பேரு பதினோரு மணிக்கே வண்டிய எடுத்துட்டு வந்துடறாங்க, போன்ல ரெண்டு ரீல்ஸ் எடுத்தாச்சு, "நல்லா இருந்துச்சு, ஒரே சத்தம்"னு ஒரு விமர்சனம் வேற. பதினோரு மணிக்கு கிளம்பினா நீங்க பாத்தது கூத்தே இல்லைங்க, அந்நேரத்துக்கு பாதி வேஷக்காரங்க இன்னும் கண்ணாடி முன்னாடி தான் உக்காந்திருப்பாங்க.

போன மாங்கா சீசன்ல நானும் மச்சானும் தர்மபுரில இருந்து பைக்ல கிளம்புனோம். காரிமங்கலத்துல டீக்கடை செவுத்துல ஒட்டியிருந்த நோட்டீஸ்ல 18 நாளுக்கும் என்னென்ன நாடகம்னு வரிசையா போட்டிருந்தாங்க, துகில் உரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டைன்னு. நாங்க குறி வெச்சது கர்ண மோட்சம், கர்ணன் போர்ல சாகற கதை. காவேரிப்பட்டணத்துல நிப்பட்டு ஒரு பாக்கெட் வாங்கிட்டு போச்சம்பள்ளி ரோட்டுல திரும்புனா ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, பெங்களூரா காய் கொத்து கொத்தா தொங்குது, மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏத்திட்டு போற டிராக்டர் பின்னாடியே ரொம்ப தூரம் மெதுவா போனோம், முந்த வழியே இல்ல.

ஊர் மைதானத்துல போய் நின்னா முதல்ல கண்ணுல படறது தபசு மரம். சில நாள் முன்னாடி தான் அர்ஜுனன் தபசு முடிஞ்சிருக்கு, அம்பது அறுபது அடி இருக்கும், படி வெச்ச மரம், அத இன்னும் பிடுங்கல. அன்னைக்கு அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டா பாடிக்கிட்டே உச்சிக்கு ஏறி அங்கிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் வீசுவாரு, குழந்தை வரம் கேட்டு வந்த பொண்ணுங்க கீழ முந்தானைய விரிச்சு பிடிப்பாங்க. அத நிமிந்து பாத்தாலே எனக்கு தல சுத்துது, அவரு சலங்கையோட ஏறியிருக்காரு.

மேடைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஒரு பந்தல், பின்னாடி ஒரு பெஞ்ச், அதுல ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (பேரு தான் வீணை, நாயனம் மாதிரி ஊதறது), தாளம், பின்பாட்டுக்காரங்க. அதுக்கும் பின்னாடி தட்டி கட்டுன ஒரு கொட்டாய் தான் மேக்கப் ரூம். மச்சானுக்கு தெரிஞ்சவரு ஒருத்தர் இருந்ததால உள்ள விட்டாங்க. கர்ணன் வேஷம் கட்றவரு சின்ன கைக்கண்ணாடிய முட்டிக்கால்ல சாச்சு வெச்சுக்கிட்டு, மூஞ்சி பூரா தேங்காண்ண தடவி அதுக்கு மேல அரிதாரம் பூசறாரு. ஒரு குச்சிய கருப்புல தொட்டு புருவத்த காது வரைக்கும் இழுத்து, அந்த கோட்டுக்கு மேல வெள்ளப் புள்ளி ஒண்ணு ஒண்ணா வெக்கறாரு, கை நடுங்கவே இல்ல, அந்நேரம் பாத்து போன் அடிக்குது, காதுல வெக்க முடியாதுல்ல, ஸ்பீக்கர்ல போட்டு "மோட்டார ஆஃப் பண்ணிட்டு படுங்கடா"ன்னு வீட்டுக்கு சொல்லிட்டு அடுத்த புள்ளி வெச்சாரு. கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செதுக்கி கண்ணாடித் துண்டு ஒட்டுனது. தூக்கி பாத்தேன், நினைச்ச அளவு கனமில்ல. "லேசா தான் தம்பி இருக்கும், ஆனா மூணு மணிக்கு அதே கட்டை மூட்டை மாதிரி ஆயிடும்"னாரு. சீசன் இல்லாத மாசத்துல என்னண்ணா பண்ணுவீங்கன்னு கேட்டேன், பெயிண்ட் அடிக்க போவேன்னாரு. மூஞ்சில பூசிக்கிட்டே சொன்னதால அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

பத்து மணிக்கு மேல தான் ஆரம்பம். சாமி பாட்டு முடிஞ்சு கட்டியக்காரன், கூத்துல கோமாளி வேஷம், வந்து ஒரு மணி நேரம் ஊர கலாய்ச்சாரு. "ராஜா, போருக்கு போறதுக்கு முன்னாடி இந்த ஊர்ல மாங்கா என்ன ரேட்டுன்னு கேட்டுட்டு போங்க, தோட்டக்காரன் எல்லாம் ஏற்கனவே களத்துல விழுந்து கிடக்கறான்"னு சொன்னதுக்கு ஆம்பளைங்க பக்கம் விசில் நிக்கவே இல்ல. அப்புறம் கர்ணன் வரவு. ரெண்டு பேரு ஒரு துணிய பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, அதுக்கு பின்னாடி கர்ணன் பாடறாரு, நமக்கு தெரியறது கிரீடத்தோட நுனியும் கீழ சலங்கை கட்டுன காலும் மட்டும் தான், துணி ஆடுது, கால் தட்டுது, திரை விருத்தம் முடியற வரைக்கும் மூஞ்சிய காட்ட மாட்டாங்க. முன்னாடி உக்காந்திருந்த பசங்க குனிஞ்சு அடியில எட்டிப் பாக்குதுங்க. துணி சட்டுனு விலகுன உடனே பாவாடை குடையா விரிய ஒரு சுத்து சுத்தி பெஞ்சுல வந்து உக்காந்தாரு பாருங்க, கொட்டாய்ல மோட்டார் ஆஃப் பண்ண சொன்ன மனுசன் தான் இதுன்னு சத்தியம் பண்ணா கூட யாரும் நம்ப மாட்டாங்க.

எனக்கு பிடிக்காதது ஒண்ணு இருக்கு, அன்பளிப்பு. பாட்டு நல்லா ஏறி வர்ற நேரத்துல ஒருத்தர் வந்து வேஷக்காரர் நெஞ்சுல நூறு ரூபா நோட்ட குத்துவாரு, உடனே பாட்ட நிறுத்தி மைக்ல பேரு, அப்பா பேரு, எந்த கொட்டாய் (எங்க பக்கம் சின்ன ஊருக்கும் அப்படித்தான் பேரு) எல்லாம் சொல்லி வாழ்த்தணும். அவங்களுக்கு அந்த காசு தேவை தான், அதனால வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். பெங்களூர்ல வேலை பாக்கறப்ப ஜே.பி. நகர் ரங்க சங்கராவுக்கு மியூசிக்கல், நாடகம்னு போவேன், 2004ல ஆரம்பிச்ச அரங்கம், டயத்துக்கு கதவ சாத்திட்டா அப்புறம் யாரா இருந்தாலும் உள்ள விட மாட்டாங்க, போன் வெளிச்சம் கூட வரக்கூடாது. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனா அங்க ரெண்டு மணி நேரத்துல கதைய முடிச்சாகணும், இங்க புருசன் பொண்டாட்டி விடை பிரியற ஒரே ஒரு கட்டத்துக்கே ரெண்டு மணி நேரம் எடுத்துக்கறாங்க, யாரும் வாட்ச்ச பாக்கறதில்ல.

ஒரு மணிக்கெல்லாம் மைதானம் பாதி காலி. பைக் கிளம்பற சத்தமா கேக்குது, மச்சான் செருப்ப தலைக்கு வெச்சு குறட்டை. பக்கத்துல பாய் விரிச்சிருந்த ஒரு ஆயா என்ன பாத்துட்டு "நீயும் சாஞ்சுக்க கண்ணு, பொன்னுருவி வந்தா எழுப்பறேன்"னுச்சு. எத்தன வருசமா பாக்கறாங்களோ, எந்த கட்டத்துக்கு முழிச்சா போதும்னு மனசுல ஒரு கணக்கு.

எழுப்பவும் எழுப்புச்சு. பொன்னுருவி கர்ணனோட பொண்டாட்டி, வியாசர் பாரதத்துல இந்த ஆளு கிடையாது, நம்ம ஜனங்க கதையில இருக்கறவ. ராஜா வீட்டு பொண்ணு, தேரோட்டி மகனுக்கு கட்டி வெச்சுட்டாங்களேன்னு புருசன கிட்ட சேத்ததே இல்ல. 17ஆம் நாள் போருக்கு கிளம்பறதுக்கு முன்னாடி கர்ணன் அவகிட்ட விடை கேட்டு வர்றான். பீஷ்மர் 10 நாள், துரோணர் 5 நாள், இவனுக்கு 2 நாள் தான் தளபதி பதவி, அதுல ஒரு நாள் முடிஞ்சு போச்சு, திரும்பி வர மாட்டோம்னு அவனுக்கு தெரியும். முதல்ல அவ குலத்த சொல்லி குத்தறா, இவன் பொறுமையா பதில் பாடறான், கடைசில தான் குந்தி மகன்னு சொல்றான். அந்த இடத்துல ஆர்மோனியம் அப்படியே அடங்குது, முகவீணை மட்டும் இழுக்குது, பொன்னுருவி வேஷம் கட்டுன ஆம்பள தரையில விழுந்து கர்ணன் கால பிடிச்சுக்கிட்டு பாடறாரு, மைக் எங்கயோ கிடக்கு, வெறுங்குரல் தான்.

நம்ம ஆயாவுக்கு தாங்கல. "இத்தன வருசம் அவன தொட விட்டியாடி நீ, இப்ப அழு"ன்னு சத்தமா ஒரு திட்டு. பொன்னுருவி பாட்டு நடுவுலயே இந்த பக்கம் திரும்பி, அழுத மூஞ்சி மாறாம, "தெரியாம பண்ணிட்டேன் ஆயா"ன்னு அதே ராகத்துல இழுத்து பதில் சொல்லிட்டு மறுபடி கர்ணன் காலுக்கு போயிட்டாரு. யாரும் சிரிக்கல. பின்பாட்டுக்காரங்க "தெரியாம பண்ணிட்டேன்"ங்கறத அப்படியே பிடிச்சு திருப்பி திருப்பி பாடுனாங்க, எழுதி வெச்ச வரி மாதிரியே அது உக்காந்துடுச்சு. இதுக்கு தான் சொல்றேன் பதினோரு மணிக்கு கிளம்பாதீங்கன்னு. முன்ராத்திரி கூட்டம் வேடிக்கை பாக்க வந்த கூட்டம், ரெண்டு மணிக்கு மேல முழிச்சிருக்கறவங்களுக்கு தான் அவங்களும் மனசு விட்டு ஆடறாங்க.

சண்டை ஆரம்பிக்கறப்ப மணி நாலு இருக்கும். சல்லியன் தேரோட்டி, அதுக்கு தேரெல்லாம் இல்ல, ரெண்டு பேரும் முன்ன பின்ன நின்னு ஒரே தாளத்துல ஓடுனா அது தான் தேரு, சக்கரம் பதிஞ்சா ஒரு கால் மட்டும் நிக்குது. கிருஷ்ணன் கிழ பிராமணனா வந்து புண்ணியத்த தானமா கேக்கறப்ப கட்டியக்காரன் கூட காமெடி பண்ணாம ஓரமா நின்னுட்டாரு. நமக்கெல்லாம் கர்ணன்னா சிவாஜி மூஞ்சி தான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இனி புருவத்துக்கு மேல வெள்ளப் புள்ளி வெச்ச அந்த பெயிண்டர் மூஞ்சியும் சேந்து வரும். வேர்வைல அரிதாரம் கழுத்து வரைக்கும் வழிஞ்சிருந்துச்சு, புள்ளி பாதி அழிஞ்சிருந்துச்சு, குரல் மட்டும் உடையல.

மங்களம் பாடி முடிச்சதும் டீ கேன் வந்துச்சு, ஆளுக்கு ஒரு கப். அன்னைக்கு ராத்திரி பதினெட்டாம் போர், அதுக்கு அடுத்த காலைல படுகளம், மைதானத்து ஓரத்துல துரியோதனன் மண் உருவத்துக்கு அப்பவே மண்ணு கொட்டி வெச்சிருந்தாங்க, மல்லாக்க படுத்த மாதிரி பெரிய உருவம், பீமன் வந்து தொடையில அடிப்பாரு, திரௌபதி கூந்தல் முடிவா, சாயந்தரம் தீமிதி. அத பாக்கணும்னா காலைல எட்டு மணிக்கே போயிடுங்க, இல்லன்னா இடம் கிடைக்காது. ராத்திரி நாடகத்துக்கு பாய் ஒண்ணும் போர்வை ஒண்ணும் கண்டிப்பா வேணும், பகல்ல என்ன தான் வெயில் கொளுத்துனாலும் மூணு மணிக்கு மேல அந்த மாந்தோப்பு காத்து நல்லாவே குளிரும். எந்த ஊர்ல எப்போன்னு ஆன்லைன்ல தேடாதீங்க, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி டீக்கடை செவுத்த பாருங்க, இல்லன்னா டீ போடறவர கேளுங்க, அன்னைக்கு எந்த ஊர்ல என்ன நாடகம்னு சரியா சொல்லிடுவாரு.